பெரிய அளவு டாங்கி மாடல்: குறையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கான 1/16 அளவில் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கியான டைகரைக் கட்டினால் பீரங்கிக் குழல் முனை வரை கிட்டத்தட்ட 53 செ.மீ. வரும். அதே வண்டி 1/35 அளவில் 24 செ.மீ. தான். நீளம் இரண்டு மடங்கு என்று பார்த்தால் பெரிதாகத் தோன்றாது, ஆனால் பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிவிடுகிறது, எடை அதைவிட அதிகம். சின்ன மாடலில் நிழலில் ஒளிந்துகொள்கிற கோணல், இடைவெளி, தூசி எல்லாம் இதில் கைதூக்கி நிற்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்: குறை கண்ணில் படுகிற கட்டம் வேறு, அது உண்டான கட்டம் வேறு. வார்னிஷ் அடித்தபோது தெரிந்த கோடு பசை போட்ட அன்றே வந்தது. டேப்போடு உரிந்த பெயிண்டுக்குக் காரணம் கழுவாத பிளாஸ்டிக். அதனால் குறை தெரிந்த இடத்திலேயே மேலும் ஒரு கோட் அடித்து மூடப் பார்க்காமல், ஒரு படி, சில சமயம் மூன்று படி பின்னால் போய்ப் பாருங்கள்.

ஹல்லின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரவில்லை

ஹல் என்றால் டாங்கியின் உடல். முன்னால் சேர்த்தால் பின்னால் வாய் பிளக்கும், பின்னால் அமுக்கினால் முன்னால் தூக்கும். நாற்பது செ.மீ. நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி அச்சிலிருந்து வந்து ஆறும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்வது சகஜம். கீழ்பாதியைத் தனியாக ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது. ஆடவில்லை என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது, பெரும்பாலும் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டிய இடத்தில் மிஞ்சிய துணுக்கு, அல்லது முழுசாக உட்காராத ஒரு குறுக்குச் சுவர்.

முறுக்கு இருந்தால் கிளாம்ப் போட்டு இறுக்கி, நிறையப் பசை ஊற்றி ஒட்டிவிடத் தோன்றும். வேண்டாம். அந்த இழுவிசை உள்ளேயே இருக்கும், சில வாரம் கழித்து, பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு, அதே இடத்தில் மெல்லிய விரிசலாகத் திரும்பி வரும். ஸ்டைரீன் 100 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், அதனால் நன்றாகச் சுட்ட, ஆனால் கொதிக்காத தண்ணீரில் பாகத்தை முக்கி, எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஒரே தடவையில் நேராக்கப் பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். அப்புறம் உட்பக்கம் தடித்த பிளாஸ்டிக் பட்டையோ பித்தளைக் குழாயோ குறுக்கே வைத்து ஒட்டிவிட்டால் திரும்பவும் முறுக்காது. உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் இதில் கஞ்சத்தனம் தேவையில்லை.

ஒரு சக்கரம் தரையைத் தொடவில்லை

எது தொடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாடலைக் கண்ணாடி மேல் வைத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி இழுங்கள், எது தடையில்லாமல் வருகிறதோ அதுதான். டைகரில் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும், அதனால் சக்கரத்தை ஹல்லோடு இணைக்கும் ஒரு கை அரை மில்லிமீட்டர் ஏறி இருந்தாலும் வரிசை முழுக்க அலைபோலத் தெரியும்.

பசை இன்னும் இறுகவில்லை என்றால் எல்லாக் கைகளையும் தளர்த்தி, ஒரு நேரான ஸ்கேலை அச்சு முனைகளுக்கு அடியில் வைத்து வரிசைப்படுத்தி ஒரு இரவு விட்டுவிடுங்கள். இறுகிவிட்டது என்றால் அந்தக் கையை மெல்லிய ரம்பத்தால் வேரோடு அறுத்து, இரண்டு பக்கமும் துளையிட்டு, பித்தளைக் கம்பி வைத்து மறுபடி பொருத்த வேண்டும். கஷ்டமான வேலைதான், ஆனாலும் சேற்றைப் பூசி மறைப்பதைவிட இதுவே மேல். மேடு பள்ளமான தரையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கைகளைத் தரைக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கலாம், அதையும் ஒட்டுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

டிராக் விறைத்து நிற்கிறது, அல்லது தொய்வு தவறாக இருக்கிறது

டிராக் என்பது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டை. முதலில் எந்த வண்டி என்று பாருங்கள். டைகர், பாந்தர், டி-34 போன்றவற்றில் மேல் ஓட்டம் சக்கரங்களின் மேலேயே படிந்து போகும், தாங்கும் உருளை கிடையாது, அதனால் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் கொஞ்சம் தொங்க வேண்டும். ஷெர்மனின் டிராக்கில் கண்ணிகளுக்கு நடுவே ரப்பர் புஷ் இருக்கும், மேலே தாங்கும் உருளையும் உண்டு, ஆகவே அது இறுக்கமாகத்தான் இருக்கும். ஷெர்மனுக்குத் தொய்வு கொடுப்பதும் டைகருக்குத் தொய்வு இல்லாமல் விடுவதும் ஒரே அளவு தவறு.

ரப்பர் போன்ற ஒரே துண்டு டிராக் என்றால் அதற்குத் தானாகத் தொங்கும் எடை கிடையாது. ஹல்லின் பக்கவாட்டில், டிராக் மறைக்கிற உயரத்தில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியைச் செருகி டிராக்கைக் கீழே அமுக்கிப் பிடிக்கலாம், வெளியே தெரியாது. தனித்தனிக் கண்ணி டிராக் ஆடாமல் கெட்டியாகிவிட்டது என்றால் பசை கண்ணிகளைக் கோக்கும் ஊசியின் ஓட்டைக்குள் ஊறிவிட்டது. மெல்லிய பசையை அங்கே பிரஷால் தொடவே கூடாது, கெட்டியான பசையை ஊசி முனையில் எடுத்து முனையில் மட்டும் புள்ளி வையுங்கள். டைகருக்கு ஒரு பக்கம் 96 கண்ணி, ஆகவே பத்துப் பத்தாகச் சேர்த்து, ஒவ்வொரு பத்தையும் வளைத்துப் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். நீளம் அரைக் கண்ணி கூடவோ குறையவோ வந்தால் பின்னால் டிராக்கைத் திருப்பிவிடும் சக்கரமான ஐட்லரை நகர்த்துங்கள், நிஜ வண்டியிலும் டிராக்கை இறுக்கியது அப்படித்தான். ஒட்டும் முன் ஐட்லர் கையை அசையும்படி விட்டு வைத்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

ரப்பர் டிராக்கில் அடித்த பெயிண்ட் வெடித்து உதிர்வதும் உண்டு. அதற்கு வளைந்து கொடுக்கும் நீர்சார்ந்த அக்ரிலிக், அதுவும் மெல்லிசாக. டிராக்கை மாட்டிய பிறகு அடித்தால் இன்னும் நல்லது.

தேய்த்து மறைத்த ஒட்டுக் கோடு பெயிண்டுக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது

எனக்குத் தெரிந்து மாடல் கட்டுகிறவர்களை அதிகம் சோர்வடைய வைப்பது இதுதான். அடிப்பூச்சான பிரைமர் அடித்தபோது இல்லை, பெயிண்ட் அடித்தபோதும் இல்லை, பத்து நாள் கழித்து வெளிச்சத்தில் திருப்பினால் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு.

காரணம் அவசரம். மெல்லிய பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது, அந்தக் கரைப்பான் முழுசாக ஆவியாகப் பல நாள் ஆகும், ஆவியாகும்போது அந்த இடம் சுருங்கும். நீங்கள் மறுநாளே தேய்த்துச் சமமாக்கினால், இன்னும் வீங்கியிருக்கிற பிளாஸ்டிக்கைத்தான் சமமாக்கினீர்கள், அது சுருங்கியதும் பள்ளம் வந்துவிட்டது. இடைவெளி அடைக்கும் டியூப் பட்டியிலும் இதே கதை: அதிலும் கரைப்பான் இருக்கிறது, ஆழமான இடைவெளியில் ஒரே மூச்சில் அடைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும்.

பெரிய மாடலில் நீளமான கோடுகளுக்கு நான் சொல்வது: ஒட்டியபின் குறைந்தது மூன்று நான்கு நாள் தொடாமல் விடுங்கள், ஒரு வாரம் விட முடிந்தால் இன்னும் நல்லது. இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பட்டியே வேண்டாம், பிளாஸ்டிக் தகட்டைச் சீவி ஆப்பாக அடித்து ஒட்டுங்கள், அல்லது இரண்டு பாகம் கலந்து பிசையும் எபாக்ஸி பட்டி வையுங்கள், அது கரைப்பானை நம்பிக் காய்வதில்லை என்பதால் சுருங்காது. சூப்பர் க்ளூவும் சுருங்காது, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நேரம் போகப் போக அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், அப்போது உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டுப் பசையை மேடாக விட்டுவிடும்.

பெயிண்ட் அடித்த பிறகு கோடு தெரிந்துவிட்டது என்றால்? மேலே மேலே அடிக்காதீர்கள். அந்த இடத்தை மட்டும் 600 எண் உப்புத்தாளால் பிளாஸ்டிக் தெரியும் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, கோட்டின் வழியே கருப்பு சூப்பர் க்ளூவை இழுத்து, சமமாக்கி, பிரைமரிலிருந்து திரும்ப வாருங்கள். ஆனால் எல்லாக் கோடும் குறை இல்லை. கவசத் தகடுகள் சேரும் இடத்தில் நிஜ வண்டியில் வெல்டிங் தழும்பு இருக்கும், அங்கே கோட்டை மறைத்துவிட்டால் அதுதான் தப்பு. எபாக்ஸி பட்டியை மெல்லிய நூலாக உருட்டி வைத்து, ஈரமான கத்தி முனையால் நெருக்கமாக அமுக்கிக்கொண்டே போனால் வெல்டிங் தழும்பு வந்துவிடும்.

குழல் தட்டையாக, அல்லது கீழே சாய்ந்து

இரண்டு பாதியாக வரும் குழலைத் தட்டையான அரத்தால் தேய்த்தால் கோடு போகும், கூடவே உருண்டையும் போய்விடும். உப்புத்தாளை நீளமான பட்டையாக வெட்டி, குழலைச் சுற்றிப் போட்டு இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். கடைந்த உலோகக் குழல் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 1/16 அளவில் அதன் எடைக்குக் குழல் தானே குனிந்துவிடும். சுழலும் மேல்கோபுரமான டரட்டுக்குள் குழலின் பின்முனையில் ஈயத் துண்டு வைத்துச் சமன் செய்யுங்கள், அல்லது ஏற்றக் கோணத்தை முடிவு செய்து ஒட்டிவிடுங்கள்.

சூப்பர் க்ளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிந்துவிட்டது

பசையின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து படிவது இது. குறைவாகப் போடுங்கள், காற்றோட்டத்தில் வைத்துக் காய விடுங்கள், கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசையே போதும். பெயிண்டுக்குள் மறையும் இடமென்றால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எட்ச் செய்த, அதாவது அமிலத்தால் அரித்து வெட்டிய, பித்தளைத் தகடு வளையும்போது தெறித்துப் பிரிந்தால் அதைச் சுடரில் மங்கிய சிவப்பு வரும் வரை காட்டி ஆற விடுங்கள், அப்புறம் சொன்னபடி வளையும்.

பெயிண்ட் பிடிக்கவில்லை

இதில் பல முகம் உண்டு. அடித்தவுடன் பெயிண்ட் ஒதுங்கி வட்ட வட்டமாகக் குழி விழுந்தால் அடியில் எண்ணெய் இருக்கிறது, அச்சிலிருந்து பிரிக்கப் பூசிய மெழுகாகவோ உங்கள் விரல் பிசுக்காகவோ இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து முழு மாடலையும் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி உலர விடுங்கள். ரெசின் பாகங்களுக்கு இது கட்டாயம். மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது பெயிண்டும் கூடவே தோலாக உரிந்து வந்தாலும் இதே காரணம்தான், அல்லது பித்தளை, ரெசின் மேல் பிரைமர் இல்லாமல் அடித்திருக்கிறீர்கள்.

தொட்டால் சொரசொரவென்று இருந்தால் ஏர்பிரஷிலிருந்து வரும் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து தூளாக வந்து விழுகிறது. பெரிய பரப்பு என்பதால் கையைத் தள்ளி வைத்து அடிக்கத் தோன்றும், அதனால்தான் இது பெரிய மாடலில் அதிகம். 10 செ.மீ. அளவுக்கு நெருங்கி வாருங்கள், தின்னரைக் கூட்டுங்கள், காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும், கூடவே காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சில துளி. நாசில் 0.2 மி.மீ. வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய ஹல்லை மூடப் பார்க்காதீர்கள், 0.4 அல்லது 0.5 வேண்டும். ஏற்கெனவே சொரசொரப்பாகிவிட்ட இடத்தை 2000 எண் தாளால் ஈரமாகத் தேய்த்தால் சரியாகிவிடும். மாறாக ஆரஞ்சுப் பழத் தோல்போல மேடுபள்ளமாக வந்தால் பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது.

ஏர்பிரஷ் கப்பில் நுரை பொங்குகிறதா, நாசில் சரியாக முடுக்கப்படவில்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது. கலக்கும்போதே பெயிண்ட் தயிராகத் திரிந்தால் தின்னர் தவறு. தமியா அக்ரிலிக் ஆல்கஹாலுக்கும் லாக்கர் தின்னருக்கும் ஒத்துப்போகும், வயெஹோ மாடல் கலர் போன்ற நீர்சார்ந்த பெயிண்டில் அதையே ஊற்றினால் கட்டியாகிவிடும், அதற்கு அதன் சொந்தத் தின்னர்தான்.

அடித்த கோட் சுருங்கி, வலை வலையாக வெடித்தால் அடியில் இருப்பதை மேலே வந்தது கரைக்கிறது. வரிசை இதுதான்: முதலில் லாக்கர், அதன் மேல் அக்ரிலிக், அதன் மேல் எனாமலும் ஆயில் கலரும். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் வெடிக்கத்தான் செய்யும். வெடித்த இடத்தை நன்றாகக் காய விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. லாக்கரோ லாக்கர் தின்னரோ கையில் எடுத்தால் கரிம ஆவியை வடிகட்டும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணத் துணி முகமூடி எதையும் தடுக்காது. இவ்வளவு பெரிய பரப்புக்கு அடிக்கும்போது நீங்கள் அந்தக் காற்றில் நிற்கிற நேரமும் அதிகம்.

மேட் வார்னிஷ் அடித்ததும் வெளுத்துப் போனது

இரண்டு காரணம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்வித்து ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, பளபளப்பைக் குறைக்கும் தூள் புட்டியின் அடியில் தங்கியிருக்க, சரியாகக் கலக்காமல் அடித்தது. முதல் வகையை, உலர்ந்த நாளில் அதே வார்னிஷின் தின்னரோடு ரிட்டார்டர் கலந்து மெல்லிய பனியாக ஒரு முறை தூவினால் பெரும்பாலும் மீட்கலாம். இரண்டாவது வகைக்கு ஒரு பளபளப்பு கோட் அடித்து, அதன் மேல் நன்றாகக் கலக்கிய மேட்டை மெல்லிசாக அடியுங்கள். கடும் சாம்பல் பூசிய வண்டியில் இது உடனே தெரியும், மஞ்சள் வண்டியில் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும்.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படமான டெக்கலின் ஓரம் வெள்ளியாக மின்னினால் அடியில் காற்று அடைபட்டிருக்கிறது, மேட் பரப்பில் ஒட்டியதால். பளபளப்பு கோட் மேல் ஒட்டி, இளக்கும் திரவம் விட வேண்டும், ஒட்டிவிட்டதை ஊசியால் குத்தி அந்தத் திரவத்தை உள்ளே விடலாம். ஆனால் என் கருத்து, இந்த அளவில் எண்களையும் சிலுவைகளையும் ஸ்டென்சில் வெட்டி பெயிண்டாகவே அடித்துவிடுங்கள். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மன் டாங்கிகளில் வரிவரியாகப் பூசிய சிமெரிட் பூச்சு உள்ள வண்டி என்றால் அந்த வரிகளுக்குள் டெக்கல் இறங்கவே இறங்காது. அந்தப் பூச்சை 1943 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலிருந்து 1944 செப்டம்பர் வரைதான் தொழிற்சாலையில் போட்டார்கள், உங்கள் வண்டியின் தேதிக்கு அது பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

வாஷ் விட்ட இடத்தில் கறை வட்டம், அல்லது பிளாஸ்டிக்கே வெடித்தது

மேட் பரப்பு வாஷை, அதாவது நீர்க்கக் கரைத்த கருநிறப் பெயிண்டை, குடித்துவிடும், கறை தங்கிவிடும். பாதிப் பளபளப்பு கோட் அடித்து, முழுப் பரப்பிலும் ஊற்றாமல் போல்ட் தலை, மூலை, கதவு விளிம்பு என்று தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள். பாகம் பொருந்தும் இடத்தில் திடீரென்று பிளந்தால் எனாமல் தின்னர் அங்கே தேங்கி, ஏற்கெனவே இழுவிசையில் இருந்த பிளாஸ்டிக்கை உடைத்திருக்கிறது, ஏபிஎஸ் பாகங்களில் இது இன்னும் சீக்கிரம். ஹல்லை கிளாம்ப் போட்டு வலுக்கட்டாயமாக ஒட்டக் கூடாது என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயிண்ட் உதிர்ந்ததுபோலக் காட்ட ஹேர்ஸ்பிரே மேல் அடித்த பெயிண்ட் தண்ணீர் தொட்டுத் தேய்த்தும் உரியவில்லையா, மேல் பெயிண்ட்டை லாக்கர் தின்னரில் கரைத்திருப்பீர்கள், அல்லது ஒரு நாள் காய விட்டிருப்பீர்கள். மேல் கோட்டை மெல்லிசாக அடித்து, அடித்த சில மணி நேரத்துக்குள் தேய்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பொம்மை போலத் தெரிகிறது

இதற்கு ஒரே பதில் கிடையாது, ஆனாலும் பெரும்பாலும் சிக்கல் அளவில்தான் இருக்கும். 1/35 அளவில் பழகிய கை, அதே அளவு கீறலையும் மழைக் கோட்டையும் இங்கேயும் போடும். ஒரு மில்லிமீட்டர் கீறல் 1/35 அளவில் மூன்றரை சென்டிமீட்டர், 1/16 அளவில் ஒன்றரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் கீறல் பெரிதாக வேண்டும் என்பது பொருள் அல்ல, கீறலுக்குள் என்ன தெரியும் என்பதைக் காட்ட வேண்டும்: விளிம்பில் வெளிறிய பெயிண்ட், நடுவில் பிரைமரின் சிவப்பு, அதற்குள் கருத்த இரும்பு. சின்ன மாடலில் ஒரு புள்ளி போதும், இங்கே அந்தப் புள்ளிக்குள்ளேயே மூன்று நிறம் வேண்டும்.

அடுத்தது தடிமன். மட்கார்ட் ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால் நிஜத்தில் அது 16 மி.மீ. தகடு, மட்கார்ட் அப்படி இருக்காது. விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சீவி மெல்லிசாக்குங்கள், அல்லது மெல்லிய பித்தளையில் மாற்றிவிடுங்கள். முன் கவசத்தில் இதைச் செய்யாதீர்கள், டைகரின் முன் தகடு 100 மி.மீ., மாடலில் 6 மி.மீ.க்கு மேல் தெரிய வேண்டும்.

பிறகு பரப்பின் தன்மை. ஷெர்மன், டி-34 டரட்டுகள் பெரும்பாலும் வார்ப்பு, பரப்பு சொரசொரப்பாக இருக்கும். மிஸ்டர் சர்ஃபேசர் 500-ஐக் கெட்டியாகப் பூசி, காயும் முன் விறைப்பான பிரஷால் குத்தினால் வந்துவிடும். டைகரின் டரட் பக்கம் வளைத்த தகடு, அதற்கு இதைச் செய்யக் கூடாது, குழலைத் தாங்கும் முன் கவசம் மட்டும் வார்ப்பு.

கடைசியாக நிறம். 30 செ.மீ. பரப்பில் ஒரே மஞ்சள் அல்லது ஒரே பச்சை உயிரில்லாமல் நிற்கும். ஆயில் கலரை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, வெள்ளை, பழுப்பு, நீலம் கூட, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் மேலிருந்து கீழே இழுத்துக் கலைத்துவிடுங்கள். ஆயில் கலர் காய்ந்தும் பளபளத்தால் அதில் எண்ணெய் அதிகம், பயன்படுத்தும் முன் அட்டையில் பிதுக்கி அரை மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை குடித்துவிடும்.

தூள் பிக்மெண்ட் போட்ட தூசி, வார்னிஷ் அடித்ததும் காணாமல் போனால், வார்னிஷ் அடிக்காதீர்கள் என்பதுதான் விடை. வார்னிஷை முன்னாலேயே முடித்துவிட்டு, பிக்மெண்டை அதற்கான ஃபிக்ஸரைத் துளித் துளியாக விட்டு ஊற வையுங்கள். ஈரத்தில் கருத்துத் தெரியும், காய்ந்தால் பழைய நிறம் வந்துவிடும்.

தூக்கினால் ஏதாவது உடைகிறது

எடை மட்கார்ட் மேலோ டரட் மேலோ விழும்படி தூக்குகிறீர்கள். டரட் தனியாகக் கழன்று வந்து குழலோடு கீழே விழுவது இதில் கொடுமையான வகை, பூட்டும் காதுகள் தேய்ந்திருந்தால் சிறு காந்தம் வைத்துவிடுங்கள். ஹல்லை மூடும் முன்பே அடித்தட்டின் உள்ளே இரண்டு நட்டுகளை எபாக்ஸி வைத்து ஒட்டி, அவற்றுக்கு நேராக அடித்தட்டில் துளை போட்டுவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது அதில் போல்ட் முடுக்கி மரக்கட்டையில் பிடித்துக்கொள்ளலாம், முடிந்ததும் அதே போல்ட்டால் மேடையில் இறுக்கிவிட்டால் மாடலைத் தொடாமல் மேடையைப் பிடித்தே தூக்கலாம். ஏற்கெனவே மூடிவிட்ட ஹல் என்றால் டரட் வளைய ஓட்டை வழியாக நீளமான இடுக்கியால் நட்டைக் கொண்டுபோய் வைக்கலாம், போல்ட்டைக் கீழிருந்து முடுக்கியபடியே எபாக்ஸி காயட்டும், அப்போதுதான் நட்டு கோணாமல் உட்காரும்.